நெற்றிவிளக்கின் கனம்

இருட்டில் ஓடப் போன கணவன் பள்ளத்தில் விழுந்து செத்த பிறகு, டார்ச் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள், நெற்றியில் கட்டிக்கொண்டு ஓடுகிற விளக்கு ஒன்றைச் செய்தாள். இரவு முழு சார்ஜோடு வாசல் ஆணியில் மாட்டுவாள். காலையில் பேட்டரி காலியாகி, பட்டை வியர்வையில் நனைந்திருக்கும். கீழே அவன் ஷூவில் பள்ளத்துச் சேறு அப்பியிருக்கும்.

"பாதி வழியில அணைஞ்சுடுது போல, அத்தை. பள்ளத்தைத் தாண்டுற வரைக்குமாவது எரியணும்."

விட்டேனா பார் என்று பேட்டரியைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். நேற்று மாட்டியது செங்கல் மாதிரி கனத்தது.

இன்று சார்ஜ் அப்படியே இருந்தது. மாமியார் பட்டையைத் தடவிப் பார்த்தாள். துளி ஈரமில்லை.

"சின்ன வயசுலயே தலையில தொப்பி வைக்க விடமாட்டான். கனமா இருக்குன்னு விளக்கில்லாமலே போயிட்டான்மா."

ஷூவில் இன்று லேஸ் வரைக்கும் சேறு.