துணி பார்க்க ஓர் ஆள்

"அறிவாளிக்குச் சேக்காளி, சிநேகிதன்லாம் தேவையில்லலே. பேப்பர்லயே போட்டிருக்கான்."

மசூது இதைச் சொன்னது என்னிடம்தான். பன்னிரண்டாம் வகுப்பின் முதல் நாள். முதல் பெஞ்சில் அவன் பக்கத்து இடம் காலியாக இருக்கிறதே என்று உட்காரப் போனேன். அதுதான் நான் செய்த குற்றம்.

"என்ன போட்டிருக்கான்?"

"மூள அதிகமா உள்ளவன் நாலு பேரோட சேந்தா சந்தோசம் கொறையுமாம். ஆராய்ச்சி." கண்ணாடியை விரலால் மேலே தள்ளிக்கொண்டான். "நீ பின்னால போ. உனக்கு அங்கன சந்தோசத்துக்குக் கொறவே இருக்காது."

வகுப்பே சிரித்தது.

வகுப்பைச் சிரிக்க வைப்பது என் வேலை. தென்காசி பஸ் கண்டக்டர், ஐந்தருவியில் மைக்கில் கத்தும் போலீஸ்காரர், எங்கள் பிசிக்ஸ் சார் ஆவுடைநாயகம், எல்லாரும் என் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள். என்னை வைத்தே சிரிப்பா?

"மூளக்காரன முட்டாளாக்கி, வீடியோ எடுத்து, கிளாஸ் குரூப்புல போடுதேன் பாரு" என்றேன் கடைசி பெஞ்சு சலீமிடம். இனிமேல் அவன் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு யாரிடமும் பேசக்கூடாது.

துபாய்க்குப் போன தன் மாமா விட்டுவிட்டுப் போன சிம்மைச் சலீம் கொண்டுவந்தான். அதை என் போனில் மாட்டி, ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, சார் மாதிரியே ரெண்டு இருமல் இருமினேன்.

"மசூது! நான் பிசிக்ஸ் சார் பேசுதேன்டே."



"சொல்லுங்க சார்."

"ஞாயித்துக்கெழம காலைல ஏழு மணிக்கு ஐந்தருவிக்கு வந்துரு. தண்ணி எம்புட்டு வேகத்துல விழுதுன்னு அளக்கணும். மசூது, ஸ்கேல் மறந்துராத."

"எத்தன சென்டிமீட்டர் ஸ்கேல் சார்?"

சலீம் வாயில் துண்டை அடைத்துக்கொண்டான்.

"முப்பது போதும்."

"மேல இருந்து அளக்கணுமா சார், கீழ இருந்தா?"

"அதெல்லாம் வந்து பேசிக்கிடலாம் மசூது."

"சார்... வேற யாரும் வாராங்களா?"

"ரெண்டு பேரு வாரானுவ."

"அப்பம் கண்டிப்பா வாரேன் சார்."

போனை வைத்ததும் சலீம் தரையில் உருண்டான். "இவனா ஸ்டேட் ரேங்க் எடுக்கப் போறான்!"

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். நானும் சலீமும் ஆறரைக்கே போய், பஜ்ஜிக் கடைக்குப் பின்னால் போனை நீட்டிக்கொண்டு பதுங்கினோம். சரியாக ஏழு மணிக்கு மசூது பஸ்ஸை விட்டு இறங்கினான். கையில் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேல்.

"வாரான்லே! விடாம எடு!" என்றேன்.

"ஏலே, தோள்ல துண்டு கிடக்குலே" என்றான் சலீம்.

மசூது அருவிப் பக்கமே திரும்பவில்லை. நீட்டிக்கொண்டிருந்த போனைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் பின்னால் வந்தான். ஸ்கேலால் என் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினான்.

"வணக்கம் சார்."

வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. அதில் இப்போது அசடு வழிந்தது என் முகம்.

"எப்பம்லே தெரிஞ்சிது?"

"நீ வாயத் தொறந்ததுமே. குரல்ல ஒரு கொறையும் இல்ல, இசக்கிராஜா. ஆனா சார் ஒரு வருசமா என்னைய 'முத பெஞ்சு'ன்னுதான் கூப்பிடுதாரு. எம் பேரு அவருக்குத் தெரியாது. நீ மூணு தடவ மசூதுன்ன."

"தெரிஞ்சுமா வந்த? மூளையெல்லாம் எங்கலே போச்சு?" என்றான் சலீம்.

மசூது சட்டையைக் கழற்றினான். மடித்து என் கையில் வைத்தான். அதன் மேல் பர்ஸ், போன், ஸ்கேல். கடைசியாகக் கண்ணாடி.

"என்னலே இது?"

"பஸ் ஏறுனா அரை மணி நேரம். ஆனா இதுவரைக்கும் ஒரு சீசனுக்குக்கூட அருவில தலையக் குடுத்தது இல்ல. வாப்பா கத்தார்ல இருக்காங்க. தனியா வந்தா துணிய யாரு பாத்துக்கிடுவா? கண்ணாடிய யாருகிட்ட குடுக்க?"

"அந்த ஆராய்ச்சில இதுக்கு ஒண்ணும் போடலையோ?"

"அந்த ஆராய்ச்சிக்காரன் ஊர்ல அருவி இல்ல போலுக்கு."

சொல்லிவிட்டு இரண்டு கைகளாலும் காற்றைத் துழாவிக்கொண்டே நடந்தான்.

"நில்லுலே, அது லேடீஸ் பக்கம்!" சலீம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டான்.

அருவிக்குள் நுழைந்ததும் மசூது போட்டானே ஒரு கூச்சல்! அந்தக் குரல் இதுவரை என்னிடம் இல்லை. கேட்டு வைத்துக்கொண்டேன்.

போலீஸ்காரர் விசிலடித்து எல்லாரையும் நகரச் சொன்னார். நான் நின்ற இடத்திலிருந்தே அவருடைய மைக் குரலை எடுத்துவிட்டேன். "கண்ணாடி போடாத தம்பிக்கு மட்டும் இன்னும் ரெண்டு நிமிசம்!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். போலீஸ்காரர் என்னைத் தேடினார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வீடியோ எடுக்க இனி எங்கள் ரெண்டு பேருக்குமே கை காலியில்லை.

ஒன்று மட்டும் மனதைக் குடைந்தது. முதல் வார்த்தையிலேயே என்னைக் கண்டுபிடித்தவன், அந்த துபாய் மாமா நம்பரை என்ன பேரில் பதிந்து வைத்திருப்பான்? திருட்டுப் பய என்றா? டூப்ளிகேட் சார் என்றா?

துணி மூட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அந்த சிம்மிலிருந்து அவனுக்கு ஒரு ரிங் விட்டேன். சட்டை மடிப்புக்குள் மசூதின் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன்.

'சேக்காளி 1' என்று மின்னிக்கொண்டிருந்தது.