காத்திருப்பு அறையில் ஒரு சொற்பொழிவு

“கால்ல வலை மாதிரி நீலமா ஓடுற சிலந்தி நரம்புக்கு ஊசி போட்டுக்கிறதுதான் மனுஷகுலத்தோட மகா மடத்தனம்!”

கால்பந்து நடுவரின் குரலுக்கு விசிலே தேவையில்லை. மருத்துவமனைக் காத்திருப்பு அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் மனைவி பல்லைக் கடித்தாள்.

“மெதுவாங்க. ஊரே கேக்குது.”

“கேக்கட்டுமே! ஊசி போட்ட இடம் கன்னிப்போகும், அரிக்கும். பழுப்புத் தழும்பு மாசக்கணக்கில நிக்கும். ஒரு நரம்பு போனா பக்கத்துல புதுசா நாலு முளைக்கும்.”

“முளைக்கலாம்னுதான் டாக்டர் சொன்னார்.”

“அபூர்வமா புண்ணாகும், ரத்தம் கட்டிக்கும், மருந்து ஒத்துக்காம மூச்சே திணறும். எல்லாம் எதுக்கு? காலழகுக்கு! ஊசிக்கு அப்புறம் மாட்டிக்க அந்த இறுக்கமான காலுறை வேற. பார்த்தாலே சிரிப்பு வருது.”

எதிரே இருந்த அம்மாள் மனைவியை இரக்கத்தோடு பார்த்தார். “பாவம், ஆசைப்பட்டு வந்திருக்காங்க. விடுங்க சார்.”

மனைவி வெடுக்கென்று எழுந்தாள். “வாங்க, வீட்டுக்கே போயிடலாம்.”

“வந்தது வந்தாச்சு, உக்காரு.” நடுவரின் குரல் சட்டென்று இறங்கியது.

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தார். “ரெஃப்ரி சார், உங்க முறை. அரை டிராயர் கொண்டு வந்தீங்களா?”

மனைவி பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவர் அதைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

“மைதானத்துல எவனோ இவர் காலைப் பார்த்து ‘ரோடு மேப்’னு கத்திட்டான். அன்னையிலேர்ந்து என் உயிரை எடுக்கறார்” என்றாள் அந்த அம்மாளிடம்.

திரும்பி வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூலை நாற்காலியில் உட்கார்ந்து, நழுவிய காலுறையை மெல்ல முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.