நான்கு விரற்கடை

“நீங்க டிரைவர் சீட்டுல உட்காருங்க சார். நான் முன்னால போய்க் குடையோட நிக்கறேன். தெரியுதான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

இன்ஜினியர் உட்கார்ந்தார். கால் எட்டவில்லை. அந்தப் பெண் குனிந்து, இருக்கைக்கு அடியில் இருந்த பிடியைப் பார்க்காமலேயே தடவி இழுத்தாள். இருக்கை சாதுவாக முன்னால் நகர்ந்தது. அங்கே ஒரு பிடி இருப்பது, அதை வரைந்த அவருக்கே மறந்துபோயிருந்தது.

அவள் வருவது இது மூன்றாம் நாள். புது ட்ராமின் மாதிரியை மரத்தில் செய்து கொட்டகையில் நிறுத்தி, மக்கள் வந்து பார்த்துக் கருத்துச் சொல்லலாம் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். வந்தவர்கள் படியே இல்லாத வாசலில் நாலு தரம் ஏறி இறங்கினார்கள். மெத்தையை அழுத்திப் பார்த்தார்கள். சீட்டுக்குச் சீட்டு போன் சார்ஜ் போட வசதி இருப்பதைக் கண்டு பிறவிப்பயன் அடைந்தார்கள். இவள் ஒருத்திதான் பயணிகள் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. மஞ்சள் குடையும் கையுமாக வண்டியின் மூக்கையே சுற்றிச் சுற்றி வந்தாள். ஊழியர்கள் ‘குடைக்காரம்மா’ என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

“சந்தை வளைவு விபத்துல சம்பந்தப்பட்டவங்க சார். பாவம்,” என்று காவலாளி முதல் நாளே காதில் போட்டிருந்தார்.

போன மழையில் பள்ளி விட்டு வந்த ஒரு சிறுமி, பழைய ட்ராமுக்கு முன்னால் வந்து அடிபட்டு இறந்துபோனாள். ஊருக்கே தெரிந்த சங்கதி. அதற்குமேல் காவலாளியிடம் எதுவும் கேட்க இன்ஜினியருக்கு மனம் வரவில்லை. பெற்ற வயிறு, வேறென்ன.

“தெரியுதா சார்?” குரல் மட்டும் வந்தது.

அவர் கழுத்தை நீட்டினார். கொக்கு அலகுபோல் நீண்டிருந்த முகப்புதான் தெரிந்தது. பத்திரிகைகள் எல்லாம் படம் போட்டுப் புகழ்ந்த முகப்பு.

“கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா.”

“தூக்கக் கூடாது சார். மூணேகால் அடி. அந்தப் பிள்ளை உயரம் அவ்வளவுதான்.”

குடையை மடக்கிக்கொண்டு அவள் மறுபடியும் ஏறி வந்து, அவர் பக்கத்தில் நின்றாள்.

“கண்ணாடியோட கீழ்விளிம்பை ஒரு சாண் இறக்குங்க.”

“ஒரு சாணா? வண்டிக்கு மூக்கே போயிடும்மா.”

“மூக்கு போனா வண்டி மூச்சு விடாதா?”

இன்ஜினியர் ஜவுளிக்கடைப் பிள்ளை. முழம் போட்டே வளர்ந்தவர். கையில் சரக்கு இல்லாதவனின் பேரம் எவ்வளவு தாராளமாக இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது அவர் கையிலும் சரக்கு இல்லை. நாற்பது வண்டிகளும் செய்து முடித்தாகிவிட்டது. ஊருக்கு வெளியே யார்டில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கின்றன. கருத்துக் கேட்பது மேலிடத்தின் கண்துடைப்பு. அதை இவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை.

“ரெண்டு விரற்கடை இறக்கலாம்.”

“ரெண்டு விரலை வெச்சு மூக்குப்பொடிதான் போடலாம் சார். ஆறு.”

“மூணு.”

“அஞ்சு. நெத்தியாவது தெரியட்டும்.”

“நாலு. இதுக்கு மேல என்னால முடியாதும்மா.”

அந்த ‘முடியாது’ ஒன்றுதான் அவர் சொன்னதில் உண்மை.

அவள் கருத்துப் படிவத்தை நீட்டினாள். “அலுவலர் குறிப்புன்னு இடம் விட்டிருக்கு. அதுல எழுதிக் குடுங்க.”

எழுதினார். காகிதம்தானே.

“ஏன் இறக்கணும்னு எழுதலையே. காரணம் இல்லாம எவன் இறக்குவான்?”

‘ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், வண்டிக்கு முன்னால் நிற்கும் மூன்றேகால் அடிக் குழந்தை தெரியவில்லை’ என்று சேர்த்தார்.

“நீங்களே உட்கார்ந்து பார்த்தீங்கல்ல?”

‘நானே உட்கார்ந்து பார்த்தேன்.’

“கையெழுத்து. தேதி. சீல் இருக்குமே?”

சீலும் விழுந்தது. எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவள்போல், அவள் காகிதத்தை ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். இறந்துபோன பிள்ளைக்குச் சட்டை தைக்க அளவெடுத்ததுபோல் அவருக்கு இருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் இன்று சோறு இறங்காது.

“வண்டி ஓட ஆரம்பிக்கற அன்னிக்கு நீங்க கட்டாயம் வரணும்மா. உங்களுக்கு முன்னாலயே சீட்டு போடச் சொல்றேன்.”

“போட்டாச்சு சார்.” அவள் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். “நாப்பது வண்டியும் யார்டுக்கு வந்தாச்சு. போன வாரம் எனக்குப் பயிற்சியும் முடிஞ்சுது.”

இன்ஜினியர் பேனாவை மூடாமல் அவளையே பார்த்தார்.

“அந்தப் பிள்ளை என்னுது இல்ல சார். வண்டிதான் என்னுது, நான்தான் ஓட்டினேன். ‘முன்னால நல்லாத் தெரியுமே, நீதான் பார்க்கலை’ன்னாங்க விசாரணையில. பதில் சொல்ல அன்னிக்கு என்கிட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்ல.” அவள் பையைத் தட்டிக்கொண்டாள். “அடுத்த பிள்ளைக்கு இது இருக்கு. எழுந்திருங்க, நீங்க உட்கார்ந்திருக்கறதுதான் என் சீட்டு.”