மாஜிஸ்திரேட்டின் முதுகெலும்பு

"மந்திரியவரே லைன்ல இருக்காங்க சார்" என்று பெஞ்ச் கிளார்க் கிருஷ்ணப்பா போனைப் பொத்திக்கொண்டு சொன்னதும், மாஜிஸ்திரேட் சந்தானம் தயிர்சாதத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

நின்ற பிறகுதான், நிற்க வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தார்.

இந்த போனுக்கான பதில், அரசியல் சாசனம் வந்த நாளிலிருந்தே அவரிடம் தயார். மல்லேஸ்வரத்தில் குடியரசு தினத்தன்று ஒத்திகைகூட ஆகிவிட்டது. நீதிமன்றத்தின் கதவை அதிகாரம் தட்டலாம், திறக்காது என்று முழங்கினார். முன்வரிசை கைதட்டியது. முன்வரிசையில் பாதிப் பேர் மைத்துனர்கள்.

வழக்கு என்னவோ வெற்றிலை வழக்குதான். மர்பி டவுன் அய்யாவு, மில் தொழிலாளி, சாலையோரம் நின்று துப்பினான். அந்த நேரம் பார்த்து மந்திரியின் கார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வந்தது. சால்வை சிவந்தது. கொலைமுயற்சி என்று எழுதாதது போலீசாரின் பெருந்தன்மை.

சாப்பாட்டு வேளை முடிந்ததும் ஜாமீன் மனுவின் மேல் உத்தரவு. இன்றைக்கு வெளியே வராவிட்டால் மில்லில் பெயரை அடித்துவிடுவார்கள். காலையிலிருந்து அவன் மனைவி பாஞ்சாலி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு போகிற வருகிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

சந்தானம் போனைக் காதில் வைத்துக் கேட்டார். முகம் வெளுத்தது. தொண்டையைச் செருமினார்.

"மன்னிக்கணும். கோர்ட் விஷயத்துல யார் சொன்னாலும் நான் கேக்க முடியாது."

குரல் நடுங்கியது. ரோஷத்தில் என்று நினைத்துக்கொண்டார் கிருஷ்ணப்பா. ஒரே பாய்ச்சலில் வராந்தாவுக்குப் போனார்.

"மந்திரிக்கே முடியாதுன்னுட்டார்ம்மா நம்ம தொரை!"

வக்கீல்கள் மரியாதையாக எழுந்தார்கள். பாஞ்சாலிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. உள்ளே தள்ளச் சொல்லியிருக்கிறான் அந்தப் பாவி மந்திரி, இந்தப் புண்ணியவான் மறுத்துவிட்டார்.

சந்தானம் வெளியே வந்ததும், "நல்லா இருக்கணும் சாமி" என்று காலைத் தொடக் குனிந்தாள்.

அவர் சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

ஜாமீன் இல்லை என்று அவர் காலையில் சவரம் செய்துகொள்ளும்போதே முடிவு செய்துவிட்டார். சட்டப்படி கொடுத்தாக வேண்டும் என்பது தெரியும். ஆனால் மந்திரியின் சால்வையாயிற்றே. யாரும் வந்து சொல்லவில்லை. மந்திரியின் மனசை அவராகவே படித்துக்கொண்டார்.

மந்திரி போனில் சொன்னது இவ்வளவுதான்: "வெத்தல போட்டவன் துப்பாம என்ன பண்ணுவான்? பாவம், விட்டுடுங்க சாமி."

இனி விட்டால், மந்திரி சொன்னதற்காக விட்டதாக ஆகிவிடும்.

டவாலி உரக்கக் கூவினான். எல்லோரும் எழுந்தார்கள். சந்தானம் யாரையும் பார்க்காமல், மிகச் சுதந்திரமாக, மேடையேறினார்.

கூட்டத்தின் கடைசியில் நின்ற பாஞ்சாலி கும்பிட்ட கையை இன்னும் இறக்கவில்லை.