வேலிக்கு வெளியே நட்ட செடி

“மருந்துச் செடியை வேலிக்கு வெளியே நட்டா திருடாம என்ன செய்வான், தங்கச்சி?” என்றார் பக்கத்து வீட்டு மகாயா.

நோலுவோ சிரித்தாள். இருமலுக்கு ஊரே நம்பும் உம்லோன்யானே செடி அது. தெருப்பக்கக் கிளைகளில் கொழுந்தே இல்லை.

“அமாதோலா மலைப் பனிக்கே சாகாத செடி. கிள்ளக் கிள்ளத் தழையும், அண்ணே.”

“கேட்டு வாங்கிட்டுப் போறதுக்கு என்ன கேடு?”

“கேட்டா, ‘யாருக்கு இருமல்?’னு நான் கேப்பேனே!”

“நானா இருந்தா முள்கம்பி சுத்தியிருப்பேன்.”

“சுத்தினா உங்க சட்டைதான் கிழியும்.”

மகாயா பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது.

“பதினேழு நாளா நீங்க கிள்ளுறதை அடுப்படி ஜன்னல்ல இருந்து பாத்துட்டுதான் இருக்கேன். அதுக்குத்தானே அங்க நட்டேன்! ரெண்டு வாரம் தாண்டின இருமலுக்கு இந்த இலை மட்டும் போதாது.”

உள்ளே போனவள், கிளினிக் பெயர் போட்ட தன் வேலைப் பையிலிருந்து மூடி போட்ட சின்னப் புட்டியை எடுத்து வந்தாள்.

“நாளைக்குக் காலைல சளியை இதுல துப்பிக் குடுங்க. காசநோயான்னு பாத்துடலாம். இந்தச் செடிகிட்ட மாட்டின ஏழாவது ஆள் நீங்க. மத்த ஆறு பேரும் மாத்திரை சாப்பிட்டுக் குணமாயாச்சு.”

மகாயா தெருவை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ஆறு பேரு யாரு?”

“சொல்றேன். எட்டாவது ஆள் கேட்டா உங்க பேரையும் சொல்லட்டுமா?”

மகாயா புட்டியை வெடுக்கென்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டார், அன்று காலை பறித்த இலைகளுக்கு அடியில்.