பிச்சமுத்து விழுங்கிய மாத்திரை

"என்ன அமிர்தம், எத்தனாவது மாசம்?"

வாஷ்பேசினில் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டு, பிச்சமுத்து தானே சிரித்துக்கொண்டார். அமிர்தத்துக்கு வயது ஐம்பத்தாறு.

அவள் வாயைக் கொப்பளித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தாள். ஒரு வருஷமாக அவளுக்குச் சரியான தூக்கம் இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் பார்த்துக்கொண்டே நிற்பாள், காரணம் இல்லாமல் அழுவாள். மகள் வைஷ்ணவிதான் ஸ்ரீரங்கத்திலிருந்து அவளைத் தில்லை நகருக்கு அழைத்துப்போய் மனநல டாக்டரிடம் காட்டினாள். மன அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். இன்று ஆறாம் நாள்.

பிச்சமுத்துவுக்கு இதெல்லாம் அறவே பிடிக்கவில்லை. திருவெறும்பூர் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் உலைச் சூட்டில் நின்று ஓய்வு பெற்றவர் அவர். மனசு, மனசு என்று புலம்புகிறவர்களெல்லாம் சாப்பிட்டது செரிக்காதவர்கள் என்பது அவருடைய கட்சி.

"முதல் ரெண்டு வாரம் குமட்டும், வாய் வறளும், கை நடுங்கும், அப்புறம் அடங்கிடும்னு டாக்டர் சொன்னாங்க. நாமளா நிறுத்தக் கூடாதாம்" என்றாள் அமிர்தம். "டிபனுக்கு அப்புறம் போட்டுக்கிட்டா தேவலையா இருக்கு. நேத்துக்கு இன்னிக்குப் பரவாயில்லைங்க."

"குமட்டும்னு டாக்டர் சொன்னாங்க, உனக்குக் குமட்டுது. பறக்கும்னு சொல்லியிருந்தா பறந்திருப்பே. எல்லாம் நெனப்புடி!"

நேற்றே அவர் பொறுமை இழந்து, "இன்னொரு தடவை வாந்தி எடுத்தே, அத்தனை மாத்திரையையும் கொள்ளிடத்துல வீசிடுவேன்" என்று கத்தியிருந்தார். அமிர்தம் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் அதே இடத்தில் வைத்தாள். பயந்துவிட்டாள் என்று அவருக்குத் திருப்தி.

இன்று அவருக்கு இன்னும் நல்ல யோசனை தோன்றியது. டப்பாவை எடுத்தார்.

"இதோ பாரு. உன் முன்னாடியே நான் ஒண்ணு முழுங்கறேன், வெறும் வயித்துல. சாயங்காலத்துக்குள்ள எனக்கு ஒண்ணும் ஆகலேன்னா நீ இந்தக் கூத்தை இன்னியோட நிறுத்தணும்."

"ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா, டாக்டர் சொல்ற வரைக்கும் நானே உன்னைக் கூட்டிக்கிட்டுப் போறேன். போதுமா?"

அமிர்தம் அவரையே பார்த்தாள். தடுக்கவில்லை. "சரிங்க" என்றாள்.

அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார். பெயரைப் படிக்கக் கண்ணாடி தேடுகிற ஆள் இல்லை அவர். மீசையைத் தடவிக்கொண்டு, பழைய சகா வீரமலை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குத் திருவெறும்பூர் பஸ் ஏறினார்.

பால்பண்ணை தாண்டும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டார். பந்தலில் காபி டம்ளரை வாங்கியபோது கை கிடுகிடுவென்று ஆடி, பாதிக் காபி புது வேட்டியில் கொட்டியது.

"என்னண்ணே, காலையிலேயே ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று வீரமலை காதோடு கேட்டான். வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத மனுஷனுக்கு இந்தக் கேள்வி வேறு!

இலையில் கேசரி விழுந்ததுதான் தாமதம், பிச்சமுத்து எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினார். திரும்பும்போது பஸ்ஸை நம்பாமல் ஆட்டோ பிடித்தார். காவிரிப் பாலத்தில் அதையும் நிறுத்தச் சொல்லி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். உலைச் சூட்டை வென்ற வீரரை வேடிக்கை பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு வீட்டுக்குள் வந்து கட்டிலில் சாய்ந்தவர், தண்ணீருக்குக் கையை நீட்டினார். அமிர்தம் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

"மடக் மடக்னு குடிக்காதீங்க. கொஞ்சம் கொஞ்சமா. இஞ்சித் துண்டு ஒண்ணு வாயில அடக்கிக்கங்க." ஆறு நாளில் கற்றுக்கொண்டதையெல்லாம் அவருக்குச் செய்தாள். மோர்ச்சாதம் கரைத்துக் கொடுத்து, இரண்டு வாய் உள்ளே போகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

காலையில் கேலி பேசியவர் இப்போது அவள் முகத்தைப் பார்க்கக் கூசினார். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

"ஒத்த மாத்திரைக்கே உசுரு போயிட்டு வருது. நீ எப்படி அமிர்தம் ஆறு நாளாத் தாங்கினே?"

"தாங்கித்தானே ஆகணும். அதுக்கு முன்னாடி இருந்தது இதைவிட மோசம்ங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "நீ ஜெயிச்சுட்டே. மாத்திரையை நிறுத்தாதே. அடுத்த வாரம் நானே உன்னை டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறேன்."

"வார்த்தை மாற மாட்டீங்களே?"

"பெருமாள் மேல சத்தியம். இப்ப முதல்ல டாக்டருக்கு போன் போடு. எனக்கு இது எப்ப இறங்கும்னு கேளு."

அமிர்தம் எழுந்து, அவர் மார்பில் சிந்தியிருந்த பருக்கையைத் துடைத்துவிட்டாள்.

"டாக்டர் எதுக்குங்க? நீங்க வீசிடுவேன்னு சொன்னதும் என் மாத்திரைய நான் ஒளிச்சு வச்சுட்டேன். நீங்க முழுங்கினது வெறும் கால்சியம்."