மைக் ஆனில் இருக்கிறது

முதல் அடி தண்ணீர் டிரம்மில் விழுந்தது. இரண்டாவது அடி பேராச்சியின் தோளில் விழுந்தது. பட்டறையில் தோல் பைகளுக்குக் கைப்பிடியாகத் தைக்கிற வாரை இரண்டாக மடித்துப் பிடித்திருந்தான் அவள் புருஷன் வெயிலுமுத்து.

ஒன்பதாவது படிக்கும் மகள் முத்துமாரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. போனை எடுத்துக்கொண்டு இரும்பு ஏணியின் மூன்றாவது படியில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் நோட்டை விரித்து, மேல் மூலையில் தேதி எழுதினாள்.

“மூணு மணிக்குச் சாப்பிட வந்தா ஆறுன சோறா, மூதி?”

“கொஞ்சம் பொறுங்க. சுட வச்சுத் தாரேன்.”

“என்னத்தப் பொறுக்க? காலையில இருந்து ஏரியாவுலயே நெட்டு இல்ல. சாம்பிள் போட்டோ போகல. சேட்டு ஆர்டரத் தூக்கி மாஹிம் பட்டறைக்காரனுக்குக் குடுக்கப் போறானாம். இங்க வந்தா நீயும் பொறுங்கங்க.”

மூன்றாவது அடியில் பேராச்சியின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. சோற்றுத் தட்டு சுவரில் மோதிக் கவிழ்ந்தது. முடியைக் கொத்தாகப் பிடித்து அவள் தலையைத் தகரக் கதவில் மோதினான். கதவு அதிர்ந்த சத்தத்தில், சந்துக்கு எதிர்ப்பக்கம் பார்வதியம்மாள் தன் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

அப்போதுதான் ஏணியிலிருந்து அந்தக் குரல் கணீரென்று வந்தது.

“சைலன்ஸ். கிஸ்கா மைக் ஆன் ஹை? கோன் சில்லா ரஹா ஹை?”

யாருடைய மைக் திறந்திருக்கிறது, யார் கத்துவது என்று மிஸ்ஸின் குரல் ஸ்பீக்கரில் அதட்டியது. வெயிலுமுத்துவின் ஓங்கிய கை அப்படியே நின்றது.

போன வருஷம் ஊரடங்கில் பள்ளிக்கூடம் போனுக்குள் வந்த புதிதில், இவன் அடிக்கிற சத்தத்தை மைக் வழியே கேட்டு மிஸ் போலீசுக்குச் சொல்லிவிட்டாள். ஹவல்தார் வந்து, சட்டை போடக்கூட விடாமல் சந்து நெடுக நடத்திக் கூட்டிப்போனார். அதிலிருந்து வகுப்பு நேரத்தில் மட்டும் அவன் கை நீளுவதில்லை.

“ஏட்டி, மைக்க அமத்து,” என்றான் ரகசியமாக.

“அமத்துனா ஆப்சென்ட் போட்ருவாங்கப்பா. இன்னைக்கு ஓரல் மார்க்கு.”

“எப்ப முடியும்?”

“நாலு மணிக்கு.”

பேராச்சியின் முடியை விட்டான். விட்ட கையால் அவள் கன்னத்தைச் செல்லமாகத் தட்டுவதுபோல் தட்டி, காதருகே குனிந்தான். “முடியட்டும். இன்னைக்கு உன் கைய ஒடிக்காம நான் இடத்த விட்டு எழும்ப மாட்டேன்.”

வாசற்படியில் உட்கார்ந்தான். வார் மடியில் கிடந்தது. கடிகாரத்தில் மூன்று இருபது.

“ரிப்பீட் ஆஃப்டர் மி,” என்றது போன். “தி ரிவர் வாஸ் வைட் அண்ட் டீப்.”

“தி ரிவர் வாஸ் வைட் அண்ட் டீப்,” என்றாள் முத்துமாரி. வலது கை எழுதிக்கொண்டிருந்தது. இடது கைப் பெருவிரல் போனை விட்டு அகலவில்லை.

பேராச்சி தரையில் சிதறிய சோற்றை அள்ளினாள். மோவாயிலிருந்து சொட்டிய ரத்தம் சோற்றில் விழுந்துவிடாமல் முகத்தை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொண்டாள்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பட்டறையில் கூட வேலை பார்க்கும் செல்லப்பாண்டி மழையில் நனைந்தபடி வந்து நின்றான்.

“என்னண்ணே, வாசல்ல காவலா?”

“மெதுவாப் பேசுடே. பிள்ளைக்கு இங்கிலீஷ் கிளாஸு. ஒரு நாள் விட்டதில்ல எம்மவ.”

“இப்பிடித் தகப்பன் எல்லாருக்கும் வாய்க்குமா? சரி, கிளம்புங்க. சேட்டோட ஆளு நேர்ல வந்து நிக்கான். ஆர்டர் நமக்குத்தானாம். இப்பவே தோல வெட்ட ஆரம்பிச்சாத்தான் ஆவும்.”

“பத்து நிமிசம் பொறு. வீட்ல ஒரு சோலி பாக்கி கெடக்கு.”

சொல்லிவிட்டுப் பேராச்சியைப் பார்த்தான். வாரின் நுனியை விரலில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

முத்துமாரியின் பெருவிரல் லேசாக நகர்ந்தது.

“ஒன் மோர் டைம்,” என்றது மிஸ்ஸின் குரல். “ஃப்ரம் தி பிகினிங்.”

“என்னட்டி சொல்லுதாங்க?”

“முதல்ல இருந்து எடுக்காங்கப்பா. இன்னும் ஒரு மணி நேரம் ஆவும்.”

“அதுவரைக்கும் சேட்டோட ஆளு நிக்க மாட்டாண்ணே,” என்றான் செல்லப்பாண்டி.

வெயிலுமுத்து எச்சிலைச் சந்தில் துப்பிவிட்டு எழுந்தான். வாரைச் சுருட்டிப் பாக்கெட்டில் திணித்தான். பிறகு தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு ஏணிப் பக்கம் போய், போனை நோக்கிப் பணிவாகக் குனிந்தான்.

“தேங்க்யூ மிஸ்.”

“வெரி குட்,” என்றது போன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. “கேட்டியாடே? மிஸ்ஸுக்கு நம்ம மேல ஒரு மதிப்பு உண்டு.” செல்லப்பாண்டியின் தோளில் கை போட்டு நடந்தான். “ரிவர் வாஸ் வைட்டு, அண்ட் டீப்பு,” என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே போவது சந்து திரும்பும் வரைக்கும் கேட்டது.

காலடிச் சத்தம் ஓய்ந்தது. முத்துமாரி ஏணியிலிருந்து இறங்கிப் போனை ஒரு தட்டுத் தட்டினாள். மிஸ்ஸின் குரல் பாதி வார்த்தையில் நின்றது. நோட்டை மூடி வைத்தாள்.

பேராச்சி முந்தானையால் உதட்டை அழுத்திக்கொண்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இது அவருக்கு மனப்பாடமாயிட்டு, தாயி. நாளைக்கு வேற ரெக்கார்டிங்கப் போடு.”